கூத்தும் வழிபாடே



கல்லாலும் சுதையாலும் மட்டுமா ஆலயம் உயிர் பெறுகிறது? தொண்டை நாட்டுத் திரௌபதியம்மன் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. அருச்சுனன் தபசன்று வேடம் புனைந்தவர் தபசு மரத்தின் உச்சிக்கு ஏறுகிறார். அங்கிருந்து அவர் வீசும் எலுமிச்சங்கனியை மகப்பேறு வேண்டும் மாதர் மடியேந்திப் பெறுகின்றனர். பதினெட்டாம் போரன்று மண்ணாலான துரியோதனன் வீழ்கிறான். பாஞ்சாலி கூந்தல் முடிக்கிறாள். அன்பர்கள் தீ மிதிக்கின்றனர். அங்கே வேடிக்கை பார்ப்பவர் எவருமில்லை. ஊரே பாரதத்தினுள் நிற்கிறது.

இயந்திர யுகத்து மனிதன் இழந்து தவிப்பது இந்த ஒன்றுதலையே. அதைத் தேடியே நவீன நாடகமும் இக்களத்திற்கு வந்தது. 1977-இல் சென்னையில் ந. முத்துசாமி தோற்றுவித்த கூத்துப்பட்டறை, புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்ற ஆசான்களிடம் பயின்று புதிய நாடகம் கண்டது.

நகரத்து அரங்கு அடவையும் பாட்டையும் கற்றுக்கொள்ளலாம். மடியேந்தும் நம்பிக்கையை எங்கிருந்து பெறும்? அது ஆலய முற்றத்திலன்றோ விளைகிறது! அம்முற்றத்திலேயே கூத்து ஓய்ந்து, ஒலிபெருக்கி மட்டும் முழங்குமானால் இழப்பு இருவர்க்குமே. கோபுரத்திற்குப் பொருள் ஈந்த புண்ணியவான்கள் கூத்துக்களத்திற்கும் ஒரு விளக்கு ஏற்றுவார்களாக!