அடைத்து வைத்த அறிவைத் திறந்தவர்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

தலைமையாசிரியன் மேடையேறினால் அறிவுரைதான் கூறுவான் என்று எண்ணுவீர்கள். இன்று நான் ஒரு மனிதரின் வரலாற்றைக் கூறவே விரும்புகிறேன். அவர் பெயர் விட்ஃபீல்ட் டிஃபி. 1944ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் பிறந்தவர். தந்தையார் நியூயார்க் நகரக் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். அத்தகைய வீட்டில் பிறந்தும், பத்து வயதுவரை அச்சிறுவன் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. பின்னர் ஆசிரியை ஒருவர் சங்கேத எழுத்துகளைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தினார். அது அவன் மனத்தைப் பற்றிக்கொண்டது. தந்தையார் கல்லூரி நூலகத்திலிருந்து அத்துறை நூல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். காலம் கடந்து படிக்கத் தொடங்கிய அச்சிறுவன் 1965இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணிதப் பட்டம் பெற்றான்.

சங்கேதம் என்பது, செய்தியைப் பிறர் அறியாதவாறு மாற்றி எழுதும் கலை. பண்டுதொட்டு அரசர்களும் படைத்தலைவர்களும் கையாண்டது. டிஃபியின் காலத்தில் அமெரிக்காவில் இவ்வறிவின் பெரும்பகுதியைத் தேசியப் பாதுகாப்பு முகமை என்னும் அரசு அமைப்பு தன்னகத்தே அடைத்து வைத்திருந்தது. அறிந்தவர் வாய்திறக்க இயலாது. அறிய விரும்பியவருக்கு நூல்களும் மிகக் குறைவு. கணிப்பொறிகள் வழியே மக்கள் செய்தி அனுப்பும் காலம் வரப்போகிறது, அப்போது எளிய மனிதனின் அந்தரங்கத்துக்கு யார் காவல் என்று டிஃபி கவலையுற்றார். 1973இல் ஸ்டான்ஃபோர்டில் பார்த்த வேலையை விட்டு, காரில் நாடெங்கும் சுற்றினார். நூலகங்களைத் தேடினார், அறிந்தவர்களின் கதவுகளைத் தட்டினார். பல கதவுகள் திறக்கவில்லை. 1974இல் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஒருவர், இதே கேள்விகளை மார்ட்டின் ஹெல்மன் என்பவரும் கேட்கிறார் என்று மட்டும் கூறினார். ஹெல்மன் ஸ்டான்ஃபோர்டிலேயே பேராசிரியராக இருந்தார்! அரைமணி நேரத்துக்கெனக் குறித்த அவர்களது முதற் சந்திப்பு இரவுவரை நீண்டது.

அவர்கள் முன் நின்ற சிக்கல் இதுதான். சங்கேதத்தைப் பூட்டவும் திறக்கவும் அதுவரை ஒரே சாவிதான். தொலைவில் உள்ளவருக்கு அச்சாவியை எவ்வாறு அனுப்புவது? வழியில் ஒருவன் பறித்துக்கொண்டால் எல்லாம் பாழ். 1975 மே மாதத்தில் டிஃபிக்கு விடை தோன்றியது: பூட்டும் சாவி வேறு, திறக்கும் சாவி வேறாக இருக்கட்டும்! சாவியின்றி அழுத்திப் பூட்டும் பூட்டை நாம் அறிவோம். அத்தகைய பூட்டுகளை நான் ஊரெங்கும் கொடுத்துவிடலாம். எவரும் தம் கடிதத்தைப் பெட்டியிலிட்டு அதனால் பூட்டி எனக்கு அனுப்பலாம். திறக்கும் சாவியோ என்னிடம் மட்டுமே. கணிதத்தில் இதைச் செய்யலாம் என்னும் புதுவழியை 1976இல் இருவரும் கட்டுரையாக வெளியிட்டனர். மறு ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் அவ்வழிக்கு முழு வடிவம் தந்தனர்.

எதிர்ப்பு எழாமல் இருக்குமா? இத்தகைய கட்டுரைகளை வெளியிடுவது ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறுவதாகலாம் என்று 1977இல் அம்முகமையின் ஊழியர் ஒருவர் எழுதினார். அவ்வாண்டு நடந்த கருத்தரங்கில், தம் மாணவர்களுக்குத் தீங்கு நேராதிருக்க அவர்களுடைய கட்டுரைகளை ஹெல்மனே படித்தார். மாணவர்கள் அருகில் நின்றனர். ஆசிரியத் தொழில் செய்யும் என் நெஞ்சைத் தொட்ட நிகழ்ச்சி அது.

இன்னொரு செய்தியும் உண்டு. இதே கருத்தை இங்கிலாந்தில் ஜேம்ஸ் எல்லிஸ் என்பவர் 1970ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். அவர் அரசின் இரகசியத் துறையில் பணியாற்றியவர். ஆகவே அது கோப்பிலேயே கிடந்தது. உலகம் அதை அறிந்தது 1997 டிசம்பரில். அதற்குச் சில வாரங்கள் முன்னரே எல்லிஸ் காலமானார். இருவரும் கண்டது ஒன்றே. ஒன்று கோப்பில் உறங்கியது. மற்றொன்று மக்களிடம் வந்தது. இன்று நீங்கள் கைப்பேசியில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போது உங்களைக் காப்பதில் அந்த வெளியிடப்பட்ட அறிவுக்கும் பங்குண்டு.

1993இல் அமெரிக்க அரசு, தொலைபேசிகளில் ஒரு சில்லைப் பொருத்தி மாற்றுச் சாவியைத் தானே வைத்திருக்கும் திட்டத்தைக் கொணர்ந்தது. டிஃபி நாடாளுமன்றக் குழுவின்முன் சென்று எதிர்த்து உரைத்தார். பலரும் எதிர்த்தனர், திட்டம் வீழ்ந்தது. 2015ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது டிஃபிக்கும் ஹெல்மனுக்கும் வழங்கப்பெற்றது.

இளைஞர்களே! கல்வியைச் சிலர் தமக்கே உரியதெனப் பூட்டி வைத்தால் என்ன நேரும் என்பதை நம் பாட்டன்மார் பட்டறிந்தனர். ஆதலின் டிஃபியின் வாழ்வு நமக்கு அயலானதன்று. பிந்திப் படிக்கும் பிள்ளையை மூடன் என்று தள்ளாதீர்கள். மூடிய கதவைக் கண்டு திரும்பிவிடாதீர்கள்; அடுத்த கதவைத் தட்டுங்கள். கற்றதை உங்களோடு அடைத்துக்கொள்ளாமல், மாலையில் நம் தெருப் பிள்ளைகள் நால்வருக்கேனும் சொல்லிக்கொடுங்கள். இக்கழகம் தொடங்கப்பெற்றதும் அதற்காகவே.