சாலட் சாப்பிடலாம், ஆனா வேகவெச்சு!

இன்னைக்கு சாலட் பத்திப் பேசப் போறோம். ஆனா இது வெயிட் லாஸ் எபிசோட் இல்லை. உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை முடிஞ்சு வீட்டுக்கு வந்தவங்களுக்கும், அவங்களுக்குச் சமைச்சுப் போடுறவங்களுக்குமான எபிசோட்.

என் அண்ணனுக்குக் கிட்னி மாற்று சிகிச்சை நடந்துச்சு. கிட்னி கொடுத்தது எங்க அம்மா. அவன் வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், ஆசையா ஒரு சாலட் ஆர்டர் பண்ணேன். முளைகட்டின பயறு, பச்சை லெட்யூஸ், மேல பம்பளிமாஸ் சுளைகள். பார்க்கவே அவ்வளவு ஆரோக்கியமா இருந்துச்சு. எதுக்கும் கேட்டுக்குவோம்னு டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டருக்கு போட்டோ அனுப்பினேன். உடனே போன் வந்துச்சு. "தம்பி, அதுல ஒரு வாய்கூடக் கொடுக்காதீங்க."

ஏன்னா, புது உறுப்பை உடம்பு எதிரியா நினைச்சுத் தாக்காம இருக்க, நோய் எதிர்ப்பு சக்தியை மட்டுப்படுத்துற மாத்திரைகள் கொடுக்கறாங்க. நமக்கு ரெண்டு நாள் வயித்துப்போக்கோட போற கிருமி, அவங்களை ஆஸ்பத்திரியில படுக்க வெச்சிடும். முளைகட்டின பயறுல பிரச்சினை என்னன்னா, முளைக்கிற அந்த ஈரத்திலயும் சூட்டிலயும் கிருமியும் சேர்ந்தே வளரும். எவ்வளவு கழுவினாலும் முழுசா போகாது.

பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் கதை வேற. டாக்ரோலிமஸ் மாதிரி மாத்திரைகளை உடைக்கிற ஒரு நொதி நம்ம குடல்ல இருக்கு. இந்தப் பழங்கள் அந்த நொதியைத் தடுத்திடும். அதனால ரத்தத்துல மருந்தோட அளவு ஏறிடும். அது அதிகமானா கிட்னிக்கே கெடுதல். அதே மாதிரி, சொந்தக்காரங்க அன்பா கொண்டு வர்ற "இம்யூனிட்டி" கஷாயம், மூலிகைப் பொடி எதையும் டாக்டரைக் கேட்காம கொடுக்காதீங்க.

சரி, இதயம் எங்க வருது? கிட்னி மாற்று செஞ்சவங்களுக்கு இதய நோய் ஒரு பெரிய ஆபத்து. ஸ்டீராய்டும் மத்த மாத்திரைகளும் பிரஷர், சுகர், கொழுப்பை ஏத்தும். அதனால உப்பும் எண்ணெயும் குறையணும், நார்ச்சத்து கூடணும். உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்கும் சொல்ற அளவே ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் கம்மியான உப்புதான். அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்ள. ஊறுகாய், அப்பளத்துல இருக்கிறதும் இந்தக் கணக்குல சேரும்.

இப்போ மூணு சாலட் சொல்றேன். எல்லாமே வெந்தது.

முதல்ல சுண்டல். யோசிச்சுப் பாருங்க, நம்ம ஊரு சாலட்டே இதுதான்! கொண்டைக்கடலையை ராத்திரி ஃபிரிட்ஜுல ஊறவெச்சு, குக்கர்ல நல்லா வேகவெச்சு, தண்ணியை வடிச்சிடுங்க. ஒரு டீஸ்பூன் எண்ணெயில கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி தாளிச்சுப் புரட்டுங்க. இறக்கினதும் எலுமிச்சை பிழியுங்க. புளிப்பு இருந்தா உப்பு குறைஞ்சது அவ்வளவா தெரியாது. தேங்காய் வேண்டாம்.

ரெண்டாவது, வெந்த கோசம்பரி. பாசிப்பருப்பைக் குழையாம மலர வேகவைங்க. கேரட்டைத் தோல் சீவித் துருவி, அந்தச் சூட்டிலேயே சேர்த்து அஞ்சு நிமிஷம் வேகட்டும். கடைசியா பச்சை மிளகாய் தாளிப்பு.

மூணாவது, முட்டைக்கோஸ் பீன்ஸ் சாலட். ரெண்டையும் பொடியா நறுக்கி ஆவியில வேகவெச்சு, மிளகுத்தூளோட வாணலியில ஒரு புரட்டு. கூட முழுசா வெந்த முட்டையோட வெள்ளைக்கரு. மஞ்சள் கரு கொழகொழன்னு இருக்கற ஹாஃப் பாயில் கண்டிப்பா கூடாது.

செஞ்சதும் சூடா சாப்பிடணும். வெளியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாது, சென்னை வெயில்னா ஒரு மணி நேரம்தான். பச்சைக் காய்கறி நறுக்குற பலகையில கறி, மீன் வெட்டாதீங்க.

ஒரு முக்கியமான விஷயம். சிலருக்கு இந்த மருந்துகளால பொட்டாசியம் ஏறும். அவங்களுக்குப் பருப்பு, கடலை, தக்காளி, கீரை, இளநீர் எல்லாத்துக்கும் அளவு இருக்கு. அதனால லேப் ரிப்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு, டயட்டீஷியன்கிட்ட கேட்டுட்டே மெனு போடுங்க. பச்சைக் காய்கறியை எப்போ ஆரம்பிக்கலாம்னும் அவங்கதான் சொல்லணும்.

அன்னைக்கு அந்த டப்பாவை நான்தான் சாப்பிட்டேன். அண்ணன் முறைச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தான். அம்மா மெதுவா எழுந்து வந்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "அவன் வயித்துல இருக்கறது என்னோடதுடா, பார்த்துக் கொடு." அதுக்கப்புறம் கேட்காம எதையும் கொடுத்ததில்லை. நீங்களும் கேட்டுட்டுக் கொடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.