காசியப்பனுக்குப் பின் வந்த காடு



சீகிரியாக் குன்றில் ஏறுவோரைச் சத்தம் போட வேண்டாம் என்று எச்சரிக்கும் பலகைகள் வரவேற்கின்றன. பாறை விளிம்புகளில் தொங்கும் பெரிய அடைகள் மலைத்தேனீக்களுடையவை. மலைத்தேனீ பொந்துக்குள் ஒளிந்து வாழ்வதில்லை. திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டுகிறது. அதனால் காவலும் கடுமை. குளவி நெருங்கினால் அடையின் மேல் அமர்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான தேனீக்கள் வயிற்றை அடுத்தடுத்து உயர்த்த, அடை முழுவதும் ஓர் அலை ஓடும். அந்த அலையே குளவியை விரட்டுகிறது என்பதைக் கஸ்ட்பெர்கர் குழு நேபாளத்தில் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டது. இதே இனத் தேனீக்கள் இலங்கையின் மலைநாட்டுக்கும் தாழ்நிலத்துக்கும் இடையே பருவந்தோறும் இடம்பெயர்வதைக் கோனிகர் தம்பதியர் 1980இல் பதிவுசெய்தார்கள். ஆக, சீகிரியாவின் ஓர் அடையை விளங்கிக்கொள்ள இரண்டு வலயங்களின் பூக்காலங்கள் தெரிந்திருக்க வேண்டும். குளவியின் பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். பேசிக்கொண்டே படியேறும் பயணிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உயிரினங்கள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவும், காலப்போக்கில் அவற்றின் சமூகங்கள் மாறும் விதமும் இக்கருத்தரங்கின் பொருள். அதற்குச் சீகிரியா பொருத்தமான இடம். குன்றைச் சுற்றிப் பச்சையாகப் பரந்து கிடப்பது ஆதிக்காடு அல்ல என்பதே காரணம்.

மன்னன் காசியப்பன் ஆண்ட 477 முதல் 495 வரை இங்கே கோட்டையும் அகழியும் நீர்ப்பூங்காக்களும் இருந்தன. அவன் வீழ்ந்ததும் தலைநகர் அனுராதபுரத்துக்குத் திரும்பியது. குன்று துறவிகளிடம் வந்தது. 13ஆம் நூற்றாண்டுக்குப் பின், சீகிரியா அமைந்த உலர் வலயத்தின் குளங்கள் உடைந்தன, ஊர்கள் கலைந்தன, காடு உள்ளே வந்தது. 1831இல் மேஜர் ஃபோர்ப்ஸ் கண்டது மரங்களுக்குள் மறைந்த இடிபாடுகளை. தொல்லியலாளர் பெல் 1890களில் அகழாய்வைத் தொடங்கியபோது முதல் வேலை காடு வெட்டுவதாகத்தான் இருந்தது.

இந்தக் காட்டைக் காத்ததில் கொசுவுக்கும் பங்குண்டு. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ், ஆற்றுநீர் வற்றி மணலில் தேங்கும் குட்டைகளில் பெருகும். மழை பொய்த்த 1934–35இல் அது தீவில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. உலர் வலயத்தில் நெடுங்காலம் மக்கள் திரும்பக் குடியேறத் தயங்கியதற்கு இந்தச் சிறு பூச்சி பெரிய காரணம். 1940களில் டிடிடி வந்தது. குடியேற்றத் திட்டங்கள் வேகம் பிடித்தன. காடு மறுபடியும் பின்வாங்கியது. மலேரியா ஒழிந்த நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்ததை எல்லோரும் கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டியதுதான். சூழலியலாளர் மட்டும் அதைக் காட்டின் வரலாற்றிலும் ஒரு வரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்படி வந்தும் பின்வாங்கியும் போகும் காட்டைத் தாவரச் சூழலியலாளர் கிளெமென்ட்ஸ் 1916இல் எழுதியபடி பார்த்தால், வெட்டவெளி புல்லாகி, புல் புதராகி, புதர் மரமாகி, கடைசியில் தட்பவெப்பம் விதித்த உச்சநிலைக் காட்டில் போய் நிற்கும். கிளீசன் 1926இல் அதை மறுத்தார். ஒவ்வோர் இனமும் தன் போக்கில் வருகிறது, தன் போக்கில் போகிறது; சமூகம் என்பது அந்தந்த இடத்தில் நேர்ந்த கூட்டம் என்றார். இரண்டையும் சோதித்துப் பார்க்கச் சீகிரியாவிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. பொலன்னறுவையில் உல்ஃப்காங் டிட்டஸ் 1968 முதல் செங்குரங்குகளைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வந்தார். அவற்றின் உணவைத் தேடிப் போனவர் மரங்களையும் அளந்து வைத்தார். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி பொலன்னறுவைக் காட்டையும் புரட்டிப் போட்டது. முன்பே எடுத்த அளவுகள் கையில் இருந்ததால், உலர் வலயக் காட்டின் மீது சூறாவளியின் தாக்கத்தைப் பற்றி 1985இல் அவரால் ஆதாரத்தோடு எழுத முடிந்தது. உச்சநிலையை எட்டும் முன்பே காற்று வந்துவிடும் நாட்டில், அந்தச் சொல்லைச் சற்று ஐயத்தோடு ஆள்வதே நல்லது.

காற்று செய்வதைச் சிறிய அளவில் கோடரியும் தீயும் செய்தன. சேனைப் பயிர்ச்செய்கையில் ஒரு துண்டுக் காட்டை எரித்து, குரக்கனும் எள்ளும் விதைத்து, சில போகங்களுக்குப் பின் அதை விட்டுவிடுவார்கள். கைவிட்ட சேனையில் முதலில் புல்லும் கொடியும் எழும். பிறகு புதர். பறவையும் குரங்கும் எச்சத்தில் கொண்டுவரும் விதைகளால் மரங்கள் வரும். பாலையும் வீரையும் முதிரையும் தலையெடுக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். இன்று இந்த வரிசையில் நாயுண்ணிச் செடி குறுக்கே நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அழகுச்செடியாகத் தீவுக்குள் வந்த அது, வெளிச்சம் விழும் இடமெல்லாம் அடர்ந்து, புல்லையும் இளமரத்தையும் எழவிடுவதில்லை. பழத்தைத் தின்று விதையைப் பரப்புபவை உள்ளூர்ப் பறவைகளே.

யானைக்கு முதிர்ந்த காட்டைவிட இந்தக் கைவிட்ட சேனை பிடிக்கும். உயர்ந்து மூடிய காட்டில் தும்பிக்கைக்கு எட்டும் தீனி குறைவு, இளங்காட்டில் நிறைய. பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரது சகாக்களும் காட்டியபடி, இலங்கையில் யானைகள் உலவும் நிலத்தில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் மனிதர்களும் குடியிருக்கிறார்கள். காடு அழிந்ததால் யானை ஊருக்கு வந்தது என்ற வழக்கமான விளக்கம் பாதி உண்மைதான். யானை விரும்பிய நிலத்தை மனிதனும் சேர்ந்துதான் உண்டாக்கினான்.

இதற்குப் பெரிய சான்று மின்னேரியா. சீகிரியாவுக்கு வடகிழக்கே, ஹபரணையைத் தாண்டியதும் வரும் அந்தக் குளத்தை ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் மகாசேனன் கட்டினான். சிறுபோக வயல்களுக்கு நீர் போகப் போக, ஆடி ஆவணி மாதங்களில் குளம் சுருங்குகிறது. வெளிப்படும் ஈரத் தரையில் இளம்புல் முளைக்கிறது. சுற்றுக்காடெல்லாம் காய்ந்து கிடக்கும் அந்த வேளையில் யானைகள் கூட்டங்கூட்டமாக இறங்கி வருகின்றன. ஒரே மாலையில் 300 வரை காணப்பட்டதுண்டு. யானை கிளப்பிய பூச்சிகளைக் கொத்த உண்ணிக்கொக்குகள் பின்னே நடக்கும். சாணத்தில் வண்டுகள் வேலை செய்யும். கார்த்திகை மார்கழி மழையில் குளம் நிரம்பும்போது அந்தச் சத்தெல்லாம் தண்ணீருக்குள் போகிறது. உலகம் இயற்கை அதிசயம் என்று பார்க்க வரும் இக்காட்சியின் கால அட்டவணையை வகுத்தது நீர்ப்பாசனம்.

அந்த அட்டவணை இப்போது மாறியிருக்கிறது. மாத்தளை மாவட்டத்தில் அம்பன் கங்கைக்குக் குறுக்கே எழுந்த மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018இல் திறக்கப்பட்டது. மின்னேரியாவுக்கு நீர் தருவதும் அதே ஆறுதான். பின்வந்த ஆண்டுகளில், வற்ற வேண்டிய மாதங்களிலும் குளம் நிறைந்து நின்றதாகவும், புல்வெளி மூழ்கி யானைகள் குறைந்ததாகவும் தொடர்ந்து செய்திகள் வந்தன. அணையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. உழவருக்கு அந்த நீர் தேவை. கேள்வி தேதியும் ஆழமும் பற்றியது. எந்த வாரத்தில் எத்தனை அடி இறங்கினால் புல் முளைக்கும், எத்தனை நாள் மூழ்கினால் புல்லின் வேர் சாகும், பக்கத்துக் கவுடுல்லக் குளம் அந்த இழப்பை ஈடுகட்டுமா? இவற்றுக்கு விடை இருந்தால் மதகைத் திறப்பவரிடம் பேசலாம். இல்லாவிட்டால் வருத்தத்தை மட்டுமே சொல்லிவிட்டு வர வேண்டியிருக்கும்.

ஆகவே இவ்வரங்கிடம் தலைமை வைக்கும் வேண்டுகோள் சிறியது. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர்மட்டக் குறிப்புகளையும், வனசீவராசிகள் திணைக்களத்தின் யானைப் பதிவுகளையும், தாவர ஆய்வாளர்களின் அளவுகளையும் ஒரே மேசையில் வைக்க ஒரு குழுவை நாளை மாலைக்குள் அமைக்க வேண்டும். இப்போது தொடங்கும் முதல் அமர்வில் கட்டுரை வாசிப்போர், தாம் அளந்த நிலம் முன்பு வயலா, சேனையா, குளத்தடியா என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு மேலே போகலாம்.