ராத்திரி டாக்டர், பகல் போலி

(நாகர்கோவிலில் 2020 டிசம்பரில் நடந்த ஆயுர்வேத மருத்துவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன வெள்ளிக்கிழமை, 11ஆம் தேதி, காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை நாடு முழுக்க அலோபதி டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவசர சிகிச்சையையும் கொரோனா வார்டையும் விட்டுவைத்தார்கள், அந்த மட்டுக்கும் நல்லவர்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். நம் சல்லியம், சாலாக்கியம் என்ற அறுவைப் பிரிவுகளின் மேல்படிப்புக்காரர்கள் 58 அறுவை சிகிச்சைகளைக் கற்றுக்கொண்டு தாங்களே செய்யலாம் என்று நவம்பரில் இந்திய மருத்துவ மத்திய கவுன்சில் அறிவித்தது. பொது அறுவை 39. கண், காது, மூக்கு, தொண்டை, பல் எல்லாம் சேர்த்து 19.

வேலைநிறுத்தம் அவர்கள் உரிமை. அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்றைக்கு ஒரு நர்சிங் ஹோம் வாசலில் ‘போலி மருத்துவத்தை ஒழிப்போம்’ என்று தட்டி பிடித்துக்கொண்டு நின்றாரே ஒருவர், அவரைப் பார்த்தேன். பெயர் சொல்லமாட்டேன். அவரிடம்தான் நான் படித்து முடித்த கையோடு நைட் டியூட்டி பார்த்தேன்! ஒன்பது மணிக்கு அவர் வீட்டுக்குப் போய்விடுவார். விடியும் வரை அந்தக் கட்டடத்தில் டாக்டர் என்று இருந்தவன் நான் ஒருத்தன். யாருக்காவது மூச்சு வாங்கினால் என்னைத்தான் எழுப்புவார்கள். ஆபரேஷன் ஆன வயிற்றில் ரத்தம் கசிந்தால் தையலைப் பார்ப்பதும் நான்தான். காலையில் அவர் வந்து கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடுவார். சம்பளத்தைக் கேட்காதீர்கள், அவருடைய கார் டிரைவர் எனக்காக இரக்கப்பட்டு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

ராத்திரியில் நான் டாக்டர். பகலில் நான் போலி!

அவர்கள் வாதம்தான் என்ன? சுஸ்ருதர் காலத்தில் ஆன்டிபயாடிக் இல்லை, ஆகவே நீ கத்தியைத் தொடாதே. ஹிப்போகிரட்டீஸ் காலத்தில் மட்டும் இருந்ததாக்கும்! மயக்கம் கொடுப்பது யார் என்று மடக்குகிறார்கள். உங்கள் மயக்க மருந்து நிபுணர்தான் ஐயா கொடுத்துக்கொண்டிருக்கிறார். கவரை வாங்கும்போது அவர் மிக்ஸோபதி என்கிற கலப்படம் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லையே!

நம் ஆட்களையும் சொல்லத்தான் வேண்டும். ரோபோ சர்ஜரிகூடச் சுஸ்ருத சம்ஹிதையில் இருக்கிறது என்று மேடைக்கு மேடை முழங்குகிற ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பல் வலித்தால் எந்தத் தெருவில் போய் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். சுஸ்ருதர் என்ன சொன்னார்? பிணத்தை ஓடுகிற தண்ணீரில் ஏழு ராத்திரி ஊறப்போட்டு, மெல்லத் தேய்த்து, தோலிலிருந்து உள்ளே இருப்பது வரை கண்ணால் பார்த்துப் படி என்றார். சுலோகத்தை மட்டும் உருப்போட்டவன் கையில் கத்தி கொடுக்க அவர் சம்மதித்திருக்கமாட்டார்.

பவுத்திரத்துக்கு வருகிறேன். எனக்குச் சோறு போடுவது அதுதான். அதற்கு நாம் கட்டும் க்ஷாரசூத்திரம் என்றால் ஏதோ மந்திரக் கயிறு என்று நினைக்கிறார்கள். நூலில் இலைக்கள்ளிப் பாலை மட்டும் 11 தடவை பூச வேண்டும். பிறகு பாலோடு நாயுருவிக் காரம் சேர்த்து 7, கடைசியில் மஞ்சள் சேர்த்து 3. ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. இதைக் கத்தியோடு ஒப்பிட்டு ஐசிஎம்ஆர் பல ஊர்களில் நடத்திய ஆய்வு 1991இல் வெளிவந்தது. கத்தி வைத்தவர்களில் 11 சதவீதம் பேருக்குப் பவுத்திரம் திரும்பி வந்தது. நூல் கட்டியவர்களில் 4. ஆறுவதற்கு நம்முடையதில் எட்டு வாரம் ஆகும், அவர்களுடையதில் நாலு. அதையும் சொல்லித்தான் கட்டுகிறேன். தட்டி பிடித்தவருடைய மைத்துனரிடமும் சொன்னேன். ஆமாம், அவர் என்னிடம்தான் வந்தார், கிளினிக் பின்வாசல் வழியாக! அவரும் ராத்திரியில்தான் வந்தார்.

இரண்டு மருத்துவத்தையும் சேர்த்தால் கலப்படமாம். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி எதிலிருந்து வந்தது? 1925இல் சென்னையில் தொடங்கிய அரசு இந்திய மருத்துவப் பள்ளியிலிருந்து வந்தது. ஆயுர்வேதம், சித்த மருத்துவம், யுனானியோடு உடற்கூறும் அறுவையும் சொல்லிக்கொடுத்த இடம். அதன் முதல் தலைவர் கேப்டன் சீனிவாசமூர்த்தி, மேல்நாட்டு மருத்துவம் படித்தவர். அந்தப் பள்ளி வளர்ந்து, பெயர் மாறி, 1960இல் முழு அலோபதிக் கல்லூரி ஆகிவிட்டது. வீட்டைக் கட்டியவன் வாசலில் நிற்கிறான், நீ யார் என்கிறார்கள்!

டெல்லிக்கும் ஒரு வார்த்தை. இந்த 58 அறுவை அனுமதி புதிய முடிவே அல்ல என்று ஆயுஷ் அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. பழைய முடிவு என்றால் தியேட்டர் எங்கே? பட்டியலில் கண்புரை இருக்கிறது. நம் கல்லூரிகளில் மாணவன் கைபழக எத்தனை கண் வருகிறது? காகிதத்தில் கத்தியைக் கொடுத்துவிட்டு, அடி வாங்க எங்களைத் தெருவில் நிறுத்தினீர்கள். பெரிய மருத்துவமனையில் ஒரு வருடம், அலோபதி சர்ஜன் பக்கத்தில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுங்கள், பரீட்சை வையுங்கள், தேறாதவனை வீட்டுக்கு அனுப்புங்கள். நானே கையெழுத்துப் போடுகிறேன்.

இப்போது தீர்மானத்துக்கு வருவோம். வெள்ளிக்கிழமை தட்டி பிடித்த முதலாளி எவரிடமும் ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து நம்மில் ஒருவரும் நைட் டியூட்டிக்குப் போவதில்லை. ஒன்பது மணிக்குமேல் அவரே உட்காரட்டும். வேண்டுமானால், எங்களை டாக்டர் என்று எழுதி, முழுச் சம்பளம் போட்டு, பகலில் கூப்பிடட்டும். ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள். முன்வரிசை எல்லாரும் தூக்கியாயிற்று, சொந்த கிளினிக் வைத்திருப்பவர்கள், உங்களுக்கென்ன! கடைசி வரிசையில் பையை மாட்டிக்கொண்டு எழுந்திருக்கிற தம்பி, மணி எட்டே கால் என்று எனக்கும் தெரியும். கையைத் தூக்கிவிட்டுப் போங்கள்.