படங்களைப் பெயர்த்து வைத்தல்

(பழவங்காடியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு கணினியைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்துவிட்டார்கள். அதிலும், “இடம் இல்லை” என்று கணினி முறையிடத் தொடங்கியபின் அதிலுள்ள குடும்பப் படங்களை என்ன செய்வது என்பதே தலைப்பு. இலக்கிய அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. சற்றுப் பொறுத்துக் கேட்டால், இதுவும் ஏட்டுச்சுவடி பற்றிய செய்திதான் என்பது விளங்கும்.

நாம் கூடியிருக்கும் இப்பழவங்காடி, இடம்பெயர்ந்து வந்தோர்க்கு மிகவும் பொருத்தமான ஊர்ப்பகுதி. இங்குள்ள பிள்ளையாரே இடம்பெயர்ந்து வந்தவர். பத்மநாபபுரத்துக் கோட்டையில் நாயர் படையினர் வழிபட்ட மூர்த்தி, 1795ஆம் ஆண்டில் திருவிதாங்கூரின் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியதையொட்டி இங்கு எழுந்தருளினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. நாடு விடுதலை பெற்றபின் அப்படை இந்தியத் தரைப்படையோடு சேர்ந்தது; கோயிலை இன்றும் தரைப்படையினரே பேணி வருகின்றனர். நாள்தோறும் சிதறும் தேங்காய்க்கு நடுவே அவர் இங்கு நிலைத்துவிட்டார். பத்மநாபபுரத்தில் அவர் இருந்த இடத்தில் இன்று அவர் இல்லை. கல்லால் ஆன மூர்த்தி இங்கு வந்தால் அங்கு இல்லை, அஃது இயற்கை. ஆனால் கணினியில் உள்ள படம் அப்படியன்று. அது வந்த இடத்திலும் இருக்கலாம், புறப்பட்ட இடத்திலும் இருக்கலாம். இந்த ஒரு வேற்றுமையை மனத்திற் கொள்ளாமல், பிள்ளையாரைத் தூக்கி வந்ததுபோல் படங்களைத் தூக்கி வைப்பதால் வரும் இழப்பைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

முதலில் இடம் ஏன் போதவில்லை என்று பார்ப்போம். 1956ஆம் ஆண்டு நம்மில் பலருக்கு மறக்க முடியாதது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில்தான் செங்கோட்டையின் பெரும்பகுதியும், தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. சொந்த ஊர் ஒரு மாநிலமாகவும் பிழைக்கும் ஊர் வேறு மாநிலமாகவும் ஆயிற்று. அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனம் உலகின் முதல் வன்வட்டுக் கருவியை வெளியிட்டது. இரண்டடிக் குறுக்களவுள்ள ஐம்பது தட்டுகள் அதில் சுழன்றன. எடை ஒரு டன்னுக்கும் மிகுதி. அத்தனை பெரிய கருவி தாங்கியது ஐம்பது இலட்சம் எழுத்துகளை மட்டுமே. இன்று நம் பேரன் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படத்துக்கு ஏறத்தாழ அவ்வளவு இடம் வேண்டும்!

ஒரு படம் மூன்று முதல் ஐந்து மெகாபைட். ஆயிரம் படங்கள் மூன்று முதல் ஐந்து கிகாபைட். காணொளியோ இதற்கெல்லாம் மேல். 4 கே தரத்தில் ஒரு நிமிடம் எடுத்தால், பதிவு முறைக்கேற்ப 170 முதல் 350 மெகாபைட் வரை விழுங்கும். ஒரு கலியாணத்தில் தாலி கட்டும் நேரத்தை நான்கு பேர் நான்கு பக்கத்தில் நின்று எடுக்கிறார்கள். நால்வர் எடுத்ததும் ஒரே கணினியில் வந்து சேர்கிறது. 256 கிகாபைட் வன்வட்டு நிறைவதில் வியப்பென்ன? இவற்றோடு நாள்தோறும் காலையில் வந்து குவியும் “இனிய காலை வணக்கம்” ரோஜாப்பூக்கள் வேறு. அவற்றை முதலில் களைந்தாலே பல வீடுகளில் கணினி ஓரளவு மூச்சுவிடும். களையெடுக்காமல் வயலை வேறிடம் மாற்றுவார் எவரும் இல்லை.

களையெடுத்தபின்னும் இடம் போதாவிடில், எல்லாரும் செய்வது ஒன்றே. கடைக்குச் சென்று வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி வருகிறோம். படங்கள் முழுவதையும் அதற்கு மாற்றுகிறோம். கணினியில் உள்ளதை அழிக்கிறோம். கணினி துள்ளி ஓடுகிறது. அந்த ஹார்ட் டிஸ்க்கை உறையிலிட்டு, பட்டுப்புடவைகளுக்கு அடியில் அலமாரியில் வைத்துவிட்டு, “படங்கள் பத்திரமாக இருக்கின்றன” என்கிறோம். உண்மையில் நடந்தது என்ன? முன்பு ஒரே இடத்தில் இருந்தவை இப்போதும் ஒரே இடத்தில் இருக்கின்றன. புதிய இடம் பழையதைவிடவும் எளிதில் கீழே விழக்கூடியது. இடவப்பாதியும் துலாமழையும் மாறிமாறிப் பெய்யும் இந்நகரின் ஈரத்தில், இரண்டாண்டு எடுத்துப் பார்க்காமலே கிடக்கப்போவது.

நம் மொழியில் ஓர் அருமையான சொல் உண்டு. ஓலையில் உள்ளதை வேறோர் ஓலையில் எழுதுவதைப் “பெயர்த்தெழுதுதல்” என்றனர் முன்னோர். பெயர்த்தல் என்றால் இடம் மாற்றுதல். ஆனால் பெயர்த்தெழுதியபின் பழைய சுவடியும் இருந்தது, புதியதும் இருந்தது. செல்லரித்துப் பழையது மடியும்வரை இரண்டும் இருந்தன. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஊர்களிலிருந்து பல சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கினார். ஒன்றில் சிதைந்ததை மற்றொன்று காட்டிற்று. அப்படிப் பல படிகள் பல ஊர்களில் இல்லாத நூல்கள் பெயரளவில் நிற்கின்றன. இங்கே கோட்டைப் பகுதியில் ஆவணக் காப்பகத்தார் 2022 டிசம்பரில் திறந்த ஓலைச்சுவடி அருங்காட்சியகத்தை இன்னும் காணாதவர்கள் ஒரு மாலைப் பொழுதில் குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டலாம். இங்கிருந்து நடந்தே போகலாம்.

ஓலை பழைய கதை என்பார்க்குத் திரைப்படக் கதை ஒன்று சொல்வோம். அதுவும் இந்நகரத்தில் நிகழ்ந்ததே. மலையாளத்தின் முதல் கதைப்படமாகிய ‘விகதகுமாரன்’ என்னும் ஊமைப்படத்தை எடுத்தவர் ஜே. சி. டேனியல். நம் அகஸ்தீசுவரத்துக்காரர். நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் படப்பிடிப்பு நிலையம் அமைத்துப் படம் எடுத்தார். நாயகியாக நடித்த பி. கே. ரோசி தாழ்த்தப்பட்ட குலத்தவர் என்பதற்காக ஊரே வெகுண்டெழுந்தது. அப்பெண் இந்நகரை விட்டே ஓட நேர்ந்தது. இத்தனை இழப்போடு எடுத்த படத்தில் இன்று ஓரடிச் சுருள்கூட எஞ்சவில்லை. வீட்டிற் கிடந்த சுருளைக் குழந்தை விளையாட்டாகக் கொளுத்திவிட்டது என்று சொல்வதுண்டு. அக்காலச் சுருள் தீப்பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். ரோசியின் நடிப்பைப் பற்றி இன்று எவ்வளவோ எழுதுகிறார்கள். அதைப் பார்க்கத்தான் வழியில்லை.

அடுத்து 1933இல் வந்தது ‘மார்த்தாண்டவர்மா’. சி. வி. இராமன் பிள்ளையின் நாவலைத் தழுவியது. நாவலின் பதிப்பாளராகிய கமலாலயா புத்தகசாலையார் உரிமை தங்களுடையது என்று வழக்குத் தொடுக்க, படத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தயாரித்தவர்க்கு அது பேரிடி. ஆனால் அவ்வழக்கினால் ஒதுங்கிப்போன படச்சுருள் கெடாமல் கிடந்து, 1974இல் புனே தேசியத் திரைப்படக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் அதைக் காணலாம். ஒன்று வீட்டில் இருந்து அழிந்தது. மற்றொன்று வழக்கில் சிக்கிப் பிழைத்தது! நம் குடும்பப் படங்கள் பிழைப்பதற்கு நாம் வழக்குமன்றத்தை நம்பியிருக்க முடியாது.

இனிச் செயல்முறைக்கு வருவோம்.

வாங்கும்போதே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் வாங்குங்கள். செலவு மிகுதி என்று தோன்றும். கலியாணத்துக்கு அச்சடித்த ஆல்பத்தின் விலையை நினைத்துப் பாருங்கள், தோன்றாது. பென்டிரைவிலும் கைப்பேசிச் சில்லிலும் முழுத் தொகுதியை வைத்து அன்றாடம் ஆள வேண்டா; அவை அதற்காக உண்டானவை அல்ல.

விண்டோஸ் கணினி வைத்திருப்போர்க்கு வேலை எளிது. ‘பிக்சர்ஸ்’ என்னும் கோப்புறையை வெளிவட்டில் நகல் எடுக்கவும். நகல் என்பதை அழுத்திச் சொல்கிறோம்; ‘கட்’ கொடுத்து ‘பேஸ்ட்’ செய்தால் ஒவ்வொரு கோப்பும் போய்ச் சேரச்சேர மூலம் அழிந்துகொண்டே வரும். நடுவில் மின்சாரம் போனால் எது எங்கே என்று தேட வேண்டியதுதான்.

மேக் கணினியில் சற்றுக் கவனம் வேண்டும். அதில் படங்கள் யாவும் ‘போட்டோஸ் லைப்ரரி’ என்னும் ஒரே பொதியில் அடங்கியிருக்கும். பொதியைப் பிரித்து உள்ளே கைவைக்கலாகாது. மூட்டையை அவிழ்க்காமல் அப்படியே எடுத்துச் செல்ல வேண்டும். போட்டோஸ் செயலியை மூடிவிட்டு, பொதியை வெளிவட்டுக்கு இழுத்து விடுக. அவ்வட்டு மேக் முறையில் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். நகல் முடிந்ததும் ஆப்ஷன் விசையை அழுத்தியவாறே செயலியைத் திறந்தால், எந்தப் பொதி வேண்டும் என்று கேட்கும், புதியதைக் காட்டுக. ஐகிளவுட் வழியாகப் படம் பெறுவோர், அமைப்புகளில் சென்று அப்புதிய பொதியையே கணினியின் முதன்மைத் தொகுதி என்று குறித்துவிட வேண்டும்.

இங்கு ஒரு குழி உண்டு. இடத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாட்டை முன்பே இயக்கியிருந்தால், கணினியில் இருப்பவை சிறு உருவங்களாக மட்டும் இருக்கலாம். முழுப்படம் ஐகிளவுடில் இருக்கும். பொதியை நகல் எடுத்து மகிழ்ந்தவர் கையில் சிறு உருவங்களே மிஞ்சும். ஆகவே முழுப்படங்களைக் கணினிக்கு இறக்கும் ஏற்பாட்டை முதலில் தேர்ந்து, அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு இடம் போதாதே என்பீர்கள். அவ்வாறாயின் வெளிவட்டில் உள்ள பொதியை முதன்மையாக்கி அங்கேயே இறக்கலாம். மற்றொன்று: டைம் மெஷின் என்னும் தானியங்கிப் படியெடுப்பு, வெளிவட்டில் உள்ளதைத் தானாகச் சேர்த்துக்கொள்வதில்லை. கணினியில் இருந்தவரை படி இருந்தது. வெளியே மாற்றியதும் அதுவும் நின்றது. இதை அறியாதவரே பெரும்பாலார்.

நகல் முடிந்ததும் அழிக்கக் கை துடிக்கும். பொறுங்கள். கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரண்டு இடத்திலும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். தொகுதியின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று, காணொளி ஒன்று எனத் திறந்து பாருங்கள். முறைப்படி கழற்றி, மறுநாள் மீண்டும் இணைத்துப் பாருங்கள். இரண்டாம் வட்டிலும் இவ்வாறே செய்யுங்கள். அதன்பிறகே கணினியில் உள்ளதை அழிக்கலாம். அழித்தபின்னும் இடம் வரவில்லை என்று திகைக்க வேண்டா. குப்பைத்தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் வரும்.

“இணையத்தில்தான் எல்லாம் இருக்கிறதே” என்று இளைஞர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. இருக்கட்டும், நல்லதே. ஆயினும் கூகுள் போட்டோஸ் அளவின்றி இலவசமாக வாங்கிக்கொண்ட காலம் 2021 ஜூன் முதல் நாளோடு முடிந்தது; இலவச இடம் 15 கிகாபைட்தான், அதிலும் மின்னஞ்சலுக்குப் பங்கு உண்டு. ஐகிளவுடிலோ கைப்பேசியில் ஒரு படத்தை அழித்தால் கணினியிலும் அழியும். முப்பது நாள் தவணை, அவ்வளவே. ஒன்றைப் போலவே ஒன்று நடப்பது வேறு, ஒன்றுக்கு ஒன்று காவலாக நிற்பது வேறு. வாட்ஸ்அப்பில் அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன், அவரிடம் இருக்கும் என்பாரும் உண்டு. வழக்கமான முறையில் அனுப்பினால் படம் சுருங்கித்தான் போய்ச் சேரும். சுவரில் மாட்டப் பெரிதாக்கினால் தாத்தாவின் முகம் கட்டங்கட்டமாகத் தெரியும்.

இரண்டாம் வட்டை எங்கே வைப்பது? அதே அலமாரியில் அன்று. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளத்தில் எத்தனை வீடுகளில் ஆல்பங்கள் சேறாயின என்பதை நாம் அறிவோம். கரமனையில் இருப்பவர் நாகர்கோவிலில் உள்ள தமக்கை வீட்டில் வைக்கலாம்; தமக்கையார் தம்முடையதை இங்கே கொடுத்துவைக்கலாம். பொங்கலுக்கும் ஓணத்துக்கும் போக்குவரவு இருக்கவே இருக்கிறது. அப்போது மாற்றிக்கொண்டால் புதுப்படங்களும் சேர்ந்துவிடும். பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவில் ஹார்ட் டிஸ்க் கொடுத்து எடுப்பது பெரிய காரியமன்று.

இடம் மாற்றும் இவ்வேலைக்கிடையே நாம் மறந்துபோகும் ஒன்று உண்டு. பழைய மரச்சட்டப் படங்களைக் கைப்பேசியிற் படமெடுத்து இத்தொகுதியிலேயே சேர்த்திருக்கிறோம். அவற்றின் பெயரெல்லாம் வெறும் எண்கள். செங்கோட்டை வீட்டுத் திண்ணையில் ஒன்பது பேர் நிற்கும் படத்தில் இடக்கோடியில் நிற்பவர் யார்? வீட்டில் எண்பத்தைந்து வயதுப் பாட்டியார் ஒருவருக்கே தெரியும். அப்பெயர்களுக்கு ஒரே படிதான் உண்டு. அதை நகலெடுக்கக் கேட்டு எழுதுவது ஒன்றே வழி. நகல் ஓடிக்கொண்டிருக்கும் அந்த மூன்று நான்கு மணி நேரம் கணினியை விட்டு எழுந்து போகாமல், பாட்டியாரை அருகில் அமர்த்தி, படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, சொல்லச்சொல்லக் கோப்பின் பெயராகத் தமிழிலேயே எழுதுங்கள். ஆண்டு தெரியாவிட்டால், “சித்தி கலியாணத்துக்கு முந்திய வருஷம்” என்று சொல்வார், அப்படியே எழுதிவிடுங்கள்.

நம் சங்கத்தின் பழைய ஆண்டு விழாப் படங்களும் பலர் வீட்டுப் பரண்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தந்தால் படி எடுத்துக்கொண்டு மூலத்தை அவரவரிடமே திருப்பித் தர இளைஞர் அணியினர் ஒப்புக்கொண்டுள்ளனர். விழா முடிந்ததும் வாயிலருகே உள்ள மேசையில் அவர்களிடம் பெயர் கொடுக்கலாம்.