ஊசிக்கு முன்னால் ஒரு வாரம்

(சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)



அன்பான தாய்மார்களே, அத்தாமார்களே! உங்களில் பலர் ஏலத்தோட்டத்தின் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். அந்தக் கூலிக்கு ஈடாக, வீட்டுக்குப் போனதும் செய்து பார்க்கக்கூடிய சில காரியங்களைச் சொல்லி அனுப்ப விரும்புகிறோம்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். 2021-ல் பெரியவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி போட்டபோது, ஆட்டிசமும் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் உள்ள நம் பிள்ளைகள் சிலரை வேனில் அழைத்துப் போனோம். ஊசி என்றால் ஏற மாட்டார்கள் என்று பயந்து, "சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றோம். வரிசையில் நெடுநேரம் நின்றோம். ஊசியைக் கண்டதும் ஒரு தம்பி அலறினான். நாங்களே நான்கு பேர் சேர்ந்து அவனை அமுக்கிப் பிடித்தோம். ஊசி போட்டாகிவிட்டது. ஆனால் அதன்பின் அவன் வேனில் ஏறவில்லை. அடுத்த வருடம் பல்வலி வந்தபோது, கன்னம் வீங்கும்வரை அவனை டாக்டரிடம் காட்ட முடியவில்லை. ஒரு ஊசியைப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரியையே அவனுக்கு எதிரியாக்கிவிட்டோம்.

இன்னொரு பக்கம், "அழுவான், வேண்டாம்" என்று ஊசியையே விட்டுவிடுகிற வீடுகளும் இருக்கின்றன. 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசியைப் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்கே வந்து போடுகிறார்கள். பள்ளிக்குப் போகாத நம் பிள்ளைக்கு அது தவறிவிடுகிறது. காலில் துருப்பிடித்த ஆணி குத்தினால், இவன் பள்ளிக்குப் போகாதவன் என்று ரண ஜன்னி விலகிப் போகாது.

"ஊசியால்தானே ஆட்டிசம் வந்தது?" என்று சிலர் கேட்கிறீர்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் எத்தனையோ வதந்திகள் வந்தன. இந்த ஆட்டிசப் பேச்சின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1998-ல் ஒரு மருத்துவர் 12 குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அது தவறானது என்று தெரிந்து, வெளியிட்ட பத்திரிகையே 2010-ல் அதைத் திரும்பப் பெற்றது. அதே வருடம் அவர் மருத்துவர் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டார். பிள்ளையின் நிலைக்கு நீங்கள் போட்ட ஊசி காரணமில்லை. அந்தப் பாரத்தை இன்றே இறக்கி வையுங்கள்.

சரி, எப்படித் தயார் செய்வது? ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள்.

பொய் சொல்லாதீர்கள். "வலிக்கவே வலிக்காது" என்பதும் பொய்தான். "சுருக்கென்று இருக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும், அப்புறம் வீட்டுக்கு வந்துவிடுவோம்" என்று சொல்லுங்கள். தினமும் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

பேச்சு புரியாத பிள்ளைக்குப் படம் புரியும். ஆஸ்பத்திரி வாசல், உட்காரும் நாற்காலி, ஊசி, பஞ்சு, கடைசியில் நம் வீட்டு வாசல் என்று ஐந்து படங்களை செல்போனில் எடுத்து, வரிசை மாறாமல் காட்டுங்கள். பிறகு வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். முதலில் அத்தா சட்டைக் கையைச் சுருட்டட்டும். ஈரப் பஞ்சால் துடைத்து, பேனா மூடியால் லேசாகத் தொடுங்கள். அடுத்தது அக்கா. கடைசியில் அவன். அவனுக்கு இஷ்டமில்லாத அன்று விட்டுவிடுங்கள்.

கிராம சுகாதாரச் செவிலியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். கூட்டமில்லாத நேரம் எது என்று கேளுங்கள். முறை வரும்வரை ஆட்டோவிலோ மரத்தடியிலோ இருக்கிறோம் என்று சொல்லுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-வது பிரிவு, சிகிச்சையில் இவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. வலிப்பு, ஒவ்வாமை எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரையை அன்று நிறுத்தக் கூடாது. தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவும் கூடாது.

அன்றைக்கு லூசான கை வைத்த உடை போடுங்கள். பெண்பிள்ளை என்றால் பெண் செவிலியரும் ஒரு திரையும் வேண்டும் என்று முன்பே கேளுங்கள். பிடித்த துண்டோ பொம்மையோ கையில் இருக்கட்டும். படுக்க வைத்து அமுக்காதீர்கள். சின்னப் பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து அணைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளை நாற்காலியில் உட்காரட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சமாதானம் சொன்னால் பயம்தான் கூடும். ஒருவர் மட்டும் பேசுங்கள். முடிந்தபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். சொன்னபடி நேராக வீட்டுக்கு வாருங்கள். வழியில் சந்தைக்குப் போனால் அடுத்த முறை உங்கள் சொல் செல்லாது.

வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளையை இரண்டு நாள் கவனியுங்கள். சாப்பிடாமல் இருந்தாலோ, கையைத் தொட விடாவிட்டாலோ, தூங்காவிட்டாலோ அதுதான் அவன் சொல்லும் வார்த்தை. செவிலியரிடம் தெரிவியுங்கள்.

இவ்வளவு செய்தும் அவன் அன்று மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். அடுத்த புதன்கிழமை இருக்கிறது. வாசல்வரை அமைதியாக வந்து போனான் என்றால் அதுவே பாதிக் கிணறு தாண்டியதுதான்.

கண்பார்வையற்ற தோழர் இப்னு உம்மு மக்தூம் (ரலி) அவர்களை நாம் அறிவோம். பெரிய மனிதர்களோடு பேச்சு நடந்தபோது இடையில் வந்து கேட்ட அவரை முன்னிட்டே 'அபஸ' அத்தியாயத்தின் வசனங்கள் இறங்கின. பின்னாளில் அவர் பாங்கு சொல்லும் பொறுப்பையும் ஏற்றார். நம் பிள்ளையின் ஊசியைப் பற்றி நாம் டாக்டரிடம் பேசுகிறோம், உறவினரிடம் பேசுகிறோம். அவனிடம்தான் பேசுவதில்லை. முதலில் அவனிடம் சொல்லுங்கள்.

விடியற்காலை ஜீப்பில் போடிமெட்டு ஏறிவிடுகிற தாய்மார்கள் புதன்கிழமை லீவு எடுக்க முடியாவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பழக்கமாகும்படி ஒரு வாரம் முன்பிருந்தே எங்கள் தொண்டர் ஒருவர் வீட்டுக்கு வந்து போவார்.

அந்தத் தம்பியின் வீட்டுக்கும் இப்போது போய்வருகிறோம். நின்றிருக்கும் வேனின் படியில் வந்து உட்காருகிறான். உள்ளே ஏறச் சொல்லி நாங்கள் கேட்பதில்லை. இன்ஷா அல்லாஹ், ஒருநாள் அவனே ஏறுவான். துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.