பிறந்த நாடும் புகுந்த நாடும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

பேஸில் டொலிவேரா என்னும் கிரிக்கெட் ஆட்டக்காரரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன். அவர் 1931-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் பிறந்தார். அந்நாட்டின் நிறவெறிச் சட்டம் அவரைக் 'கலப்பினத்தவர்' என்று பதிவு செய்தது. குடியிருக்கும் தெரு வேறு, பள்ளி வேறு, இரயிலில் பெட்டி வேறு, நிலையத்தில் டிக்கெட் வாங்கும் சன்னலும் வேறு. (இரயில்வேக் குமாஸ்தாவாகிய என் கண்ணுக்கு அந்தச் சன்னல்தான் முதலில் படுகிறது.) கரடுமுரடான தரையில் பாய் விரித்து ஆடிய ஆட்டங்களில் அவர் சதங்களாகக் குவித்தார். ஆயினும் நாட்டின் அணி வெள்ளையருக்கு மட்டுமே உரியதாயிருந்தது.

ஆகவே இங்கிலாந்தின் புகழ்பெற்ற வானொலி வர்ணனையாளர் ஜான் ஆர்லட்டுக்குக் கடிதம் எழுதினார். அவருடைய முயற்சியால் 1960-இல் லங்காஷயரில் மிடில்டன் என்னும் ஊரின் அணியில் ஊதியத்துக்கு ஆடும் இடம் கிடைத்தது. பயணச் செலவுக்குக் கேப் டவுன் மக்கள் பணம் திரட்டிக் கொடுத்தனர். வயது முதிர்ந்தவர் என்று ஒதுக்கிவிடுவார்களோ என அஞ்சி, வயதைக் குறைத்தே சொல்லி வந்தார். சர்வீஸ் புத்தகம் எழுதும் நாம் முகம் சுளிக்கலாம். ஆனால் அவரது இளமையைப் பறித்துக்கொண்டவர் யார் என்பதையும் அக்கணக்கில் எழுத வேண்டுமல்லவா?

1964-இல் வூஸ்டர்ஷயர் அணியிலும், 1966-இல் இங்கிலாந்து அணியிலும் இடம்பெற்றார்.

1968-இல் சோதனை வந்தது. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் இங்கிலாந்து அணி தென்னாப்பிரிக்கா செல்வதாக இருந்தது. அவர் வராதிருக்க வேண்டும் என்பது அந்நாட்டு அரசின் எண்ணம். பயிற்சியாளர் வேலையும் ஆண்டுக்கு 4000 பவுன் ஊதியமும் காட்டி ஒரு தூது வந்தது. சுற்றுப்பயணத்துக்கு வரவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் போதும். அவர் இணங்கவில்லை. ஆகஸ்டு மாதம் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ஓட்டங்கள் எடுத்தார். சில நாட்களில் அணிப் பட்டியல் வெளியாயிற்று. அதில் அவர் பெயர் இல்லை! வூஸ்டரில் வானொலி வழியே அதைக் கேட்டவர் கண்ணீர் விட்டார்.

ஆட்டத்திறனை மட்டுமே கருதியதாகத் தேர்வுக் குழுவினர் கூறினர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிறந்த வீடு கதவடைத்தது ஒரு துயரம். புகுந்த வீடு நெருக்கடி வேளையில் 'நீ நம்மவன்தானா?' என்று தயங்கியது அதனினும் பெரிய துயரம். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் அந்நாட்டு மக்களில் பலர் வெகுண்டெழுந்தனர். டாம் கார்ட்ரைட் காயத்தால் விலக, அவ்விடத்தில் டொலிவேரா சேர்க்கப்பட்டார். அவ்வணியை ஏற்க முடியாதென்று பிரதமர் வோர்ஸ்டர் மறுத்தார். செப்டம்பர் 24-இல் பயணம் கைவிடப்பட்டது. 1970-க்குப் பின் சர்வதேசக் கிரிக்கெட்டிலிருந்து தென்னாப்பிரிக்கா ஒதுக்கி வைக்கப்பட்டது. நிறவெறிச் சட்டங்கள் தளர்ந்த பின், 1991 நவம்பர் 10 அன்று நமது கல்கத்தாவில்தான் மீண்டும் ஆட வந்தது.

டொலிவேரா 1972 வரை 44 டெஸ்ட் பந்தயங்களில் ஆடி, 2484 ஓட்டங்கள் எடுத்தார். 2004 முதல் இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் ஆடும் டெஸ்ட் தொடரின் கோப்பைக்கு அவர் பெயரே வழங்குகிறது. அதைக் கண்டபின் 2011-இல் இங்கிலாந்திலேயே காலமானார்.